அம்மாவைக் கேட்கணும்

"செனோ அண்ணன் இருக்காங்களா?" என்று வாசலில் குரல் கேட்டபோது வுர்யானி அடுப்படியில் நின்று, மாவில் தோய்த்த சோயாத் தெம்பேத் துண்டுகளை எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகன் செனோ செத்து இரண்டு வருஷமும் எட்டு மாதமும் ஆகியிருந்தன. கையிலிருந்த துண்டு தவறி எண்ணெயில் விழுந்து தெறித்தது. மணிக்கட்டில் சுட்டது அவளுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வெளியே வந்து பார்த்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். ஜோக்ஜாவிலிருந்து மூன்று மணி நேரம் மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவள். மழைக்கோட்டின் நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பெயர் கினாசி என்றாள். ஜாவாவில் மூத்த பெண்களை மரியாதையாக அழைப்பதுபோல வுர்யானியை 'இபு' என்று கூப்பிட்டாள். மூக்கு நுனியில் கோபத்தை ஏற்றிக்கொண்டே வந்திருந்தாள்.

"இருபது மெயிலாவது போட்டிருப்பேன் இபு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. வேலை ஜாஸ்தின்னா ஒரு வரி எழுதலாமில்ல, 'என்னால முடியாது, வேற ஆளப் பாரு'ன்னு? நேர்லயே வந்து சண்டை போட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். முன்னால எப்பவோ எங்க குழுவுலேருந்து டீ ஷர்ட் அனுப்பினப்ப இந்த விலாசம்தான் குடுத்திருந்தாரு."

பேச்சுக்குப் பேர்போனவள் வுர்யானி. அவர்கள் ஊரான வொனோசோபோவில் பெண் கேட்கப் போகிற வீடுகளில் ஆண்கள்தான் எழுந்து நின்று பேசுவார்கள். ஆனால் என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே அவர்களுக்கு எழுதிக் கொடுப்பவள் இவள்தான். யார் யாருக்கு எந்த இடத்தில் எந்த மரியாதைச் சொல், எதைச் சொன்னால் சம்பந்திக்கு உச்சி குளிரும், எதைச் சொன்னால் முகம் கோணும், எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கதவோரமாக ஒதுங்கி வழி விட்டாள். அவள் புருஷன் சுகிமான்தான் பின்னாலிருந்து வந்தார். முப்பது வருஷம் செமாராங் தடத்தில் மினி பஸ் ஓட்டியவர். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கும்.

"உள்ள வாம்மா. முதல்ல அந்தக் கோட்டக் கழட்டு. சண்டையெல்லாம் அப்புறம்" என்றார். அவள் உள்ளே வந்ததும் சுவரைக் காட்டினார். கறுப்புத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக செனோ படத்தில் இருந்தான்.

கினாசி படத்தைப் பார்த்தாள். "இதுதான் அவரா?" என்று கேட்டாள். இரண்டு மூன்று வருஷம் அவனோடு எழுத்திலேயே பேசி, எழுத்திலேயே கிண்டலடித்து, எழுத்திலேயே சண்டை போட்டவள், அவன் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அதனால் படத்துக்குக் கீழே சின்னக் கிண்ணத்தில் மல்லிகை வைத்திருப்பதைக் கவனிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"டெங்கு," என்றார் சுகிமான். "பத்தாம் தீவுல. தொழிற்சாலை வேலை. வாடகை ரூம்ல மூணு நாள் காய்ச்சலோட படுத்திருக்கான். எங்களுக்கு 'லேசா உடம்பு சரியில்லப்பா'ன்னு மட்டும் மெசேஜ் வந்துச்சு."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "போன வருஷம் ஒரு மெயில்ல கிண்டலா எழுதினேன் இபு. 'உயிரோட இருக்கீங்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க'ன்னு எழுதினேன்" என்று சொல்லி, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழுதாள். வுர்யானி அவள் முதுகைத் தடவினாள். மகன் வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, அதிலும் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வெளியே அவனுக்காக இப்படி அழுத முதல் ஆள் இவள்தான் என்று நினைத்தபோது, தானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

தேநீரும் தெம்பேயும் உள்ளே போன பிறகுதான் கினாசி வந்த காரியத்தைச் சொன்னாள். செனோவும் அவளும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து காசு வாங்காமல் செய்துவந்த வேலை அது. லினக்ஸ் என்கிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ளலாம். அது திரையில் காட்டுகிற ஒவ்வொரு வரியையும் அவரவர் மொழியில் எழுதி வைக்கிற வேலையை அவரவர் ஊர்க்காரர்களே செய்கிறார்கள். ஜாவா மொழியில், அதுவும் மரியாதைப் பேச்சில், எழுதியவன் செனோ. ஏறக்குறைய எல்லாமே அவன் எழுதியது.

"அவங்க இங்கிலீஷ்ல ஒரு வரிய மாத்தினாங்கன்னா நம்ம வரி தானா விழுந்துடும் இபு. யாராவது பாத்து, சரி பண்ணி, ஒப்புதல் குடுத்தாத்தான் திரும்ப ஏறும். ரெண்டே முக்கால் வருஷமா யாரும் பாக்கல. விழுந்து விழுந்து இப்ப எழுபத்தி நாலு சதவீதத்துல நிக்குது. எண்பதுக்குக் கீழ இருக்கற மொழிய இந்தச் சனிக்கிழமை எடுத்துடப் போறாங்க."

"எடுத்துட்டா?"

"கம்ப்யூட்டர்ல இத போடும்போது, எந்த மொழி வேணும்னு முதல்ல ஒரு பட்டியல் வரும். புது பட்டியல்ல நம்ம மொழி இருக்காது. அண்ணன் எழுதினது எங்கயும் வராது. எழுதினாருங்கறதே யாருக்கும் தெரியாது."

"நீதான் படிச்ச பொண்ணாச்சே, நீயே எழுதிடேன்" என்றாள் வுர்யானி.

"நான் புர்வோகெர்த்தோ ஊரு இபு" என்று கினாசி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்க ஊர்க்காரங்க மரியாதையாப் பேசினாலே மாட்ட ஓட்டற மாதிரி இருக்கும்."

"அதான் வாசல்லயே கேட்டமே! தெரு முனை வரைக்கும் கோழியெல்லாம் ஓடிடுச்சு" என்றார் சுகிமான். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலமாயிற்று.

செவ்வாய்க்கிழமை அது. சனிக்கு இன்னும் நாலு நாள். "நீ இங்கயே தங்கு. வரிய நான் சொல்றேன், நீ எழுது" என்றாள் வுர்யானி.

வுர்யானிக்கு அந்த இயங்குதளம் புதிதல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் பெருநாளுக்கு வந்த செனோ, வீட்டுக் கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தான். போட்டுவிட்டு, புதுச் சட்டை எடுத்துத் தந்தவன்போல ஓரமாக நின்று அவள் முகத்தையே பார்த்தான். திரையில் ஏதோ ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னாள், அது இல்லை. 'பிழை பொறுக்க வேண்டும். தாங்கள் கேட்டது இங்கே அகப்படவில்லை' என்று மரியாதைப் பேச்சில் வந்தது. "என்னடா இது, சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி பேசுது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் முகம் மலர்ந்தது. அவன் எதிர்பார்த்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

அவன் பத்தாமுக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பெண்கள் குழுவின் பெயர்ப் பட்டியலை அச்செடுக்க வேண்டியிருந்தது. பிரிண்டர் அசைந்து கொடுக்கவில்லை. கூட வந்த பெண்கள், "பையன் ஓசியில எதையோ போட்டுட்டுப் போயிட்டானா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. மகனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தார்னோவைக் கூப்பிட்டாள். அவன் திருட்டு டிஸ்கைச் செருகி, எல்லோரும் வைத்திருக்கிற விண்டோஸை அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அடுத்த பெருநாளுக்கு செனோ வந்தான். கணினியைப் போட்டான், பார்த்தான். "பரவால்லம்மா, உங்களுக்கு எது சுலபமோ அதுதான்" என்று சொல்லி அணைத்துவிட்டான். மறுநாள் தொழுகை முடிந்து வந்து, எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல அவள் முழங்காலில் தலையை வைத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லிக் கேட்டான். அவள் அவன் தலையில் கையை வைத்து, "வர்ற வருஷமாவது அரசாங்கத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணு" என்றாள். வட்டார அலுவலகத்தில் முப்பது வருஷம் சீருடை போட்டவள் அவள். மகனையும் அதே சீருடையில் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவள் தான்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவள் புத்தியில் ஏறவே இல்லை. அந்தத் தலையின் சூடு இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

மறுநாள் காலை கினாசி தன் பையிலிருந்து டிஸ்கை எடுத்தாள். படங்களையெல்லாம் தனியே எடுத்து வைத்துவிட்டு, "இருக்கற விண்டோஸ எடுத்துடலாமா இபு? இல்ல, அது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம் இருக்கட்டுமா? ரெண்டும் வெச்சுக்கலாம், தப்பில்ல" என்றாள்.

"எடுத்துடு" என்றாள் வுர்யானி.

"பிரிண்டர் ஒருவேளை..."

"பிரிண்டரத் தூக்கிக் குப்பைல போடு. எடுத்துடும்மா."

முதல் திரையில் மொழிப் பட்டியல் வந்தது. நாற்பது ஐம்பது மொழிகள். பெயர் தெரியாத எழுத்துகள். கினாசி நாற்காலியை நகர்த்தி, "நீங்க எடுங்க" என்றாள். வுர்யானி அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே இறங்கினாள். இந்தோனேசியா தாண்டி, இத்தாலி தாண்டி, இரண்டு வரி கீழே 'பாசா ஜாவா' இருந்தது. அழுத்தினாள். 'சற்றே அமர்ந்திருங்கள், இதோ கொண்டுவருகிறேன்' என்றது திரை.

வேலை தொடங்கியது. கினாசி ஆங்கில வரியைப் படித்து, அதற்கு அர்த்தம் சொல்வாள். வுர்யானி கண்ணை மூடிக்கொண்டு, அதைச் சொல்ல வேண்டிய ஆள் யார், கேட்கிற ஆள் யார் என்று யோசிப்பாள். பிறகு சொல்வாள். கினாசி தட்டுவாள். புதன்கிழமை மதியத்துக்குள் எண்பது வரி ஆயிற்று. இரண்டு மணிக்கு சிந்தோரோ மலையிலிருந்து மழை இறங்கியபோது சுகிமான் மூன்று பேருக்கும் மீ ஓங்க்லோக் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கினாசி சாப்பிட்டுக்கொண்டே திரையில் அந்தக் கோப்பை மேலும் கீழும் ஓட்டியபோதுதான் வுர்யானியின் கண்ணில் அது பட்டது.

"அது என்ன, ஒவ்வொரு வரிக்கும் மேல சின்னதா ஏதோ இருக்கு?"

"குறிப்பு இபு. எழுதறவங்க தங்களுக்குத் தாங்களே எழுதி வெச்சுக்கறது. கம்ப்யூட்டர் உபயோகிக்கறவங்களுக்குத் தெரியாது. கோப்பத் திறக்கறவங்க மட்டும்தான் பாக்க முடியும்."

"படி."

கினாசி படித்தாள். 'சற்றே அமர்ந்திருங்கள், இதோ கொண்டுவருகிறேன்' என்ற வரிக்கு மேலே, 'அம்மா சொன்னது, அடுப்படியில்' என்று இருந்தது. 'பிழை பொறுக்க வேண்டும்' என்பதற்கு மேலே, 'அம்மா சொன்னது. நான் முதலில் எழுதியது முரட்டுத்தனமாக இருந்தது.' இன்னும் கீழே, 'அம்மா.' அதற்கும் கீழே, 'அம்மா, துணி மடிக்கும்போது.' நாற்பது இடங்களுக்கு மேல் இருந்தது.

வுர்யானிக்கு இப்போது ஞாபகம் வந்தது. பத்தாம் போவதற்கு முன்னால், வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், அவன் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். வந்தவங்களைக் காக்க வைக்கணும்னா கோபம் வராம எப்படிம்மா சொல்றது? கேட்ட பொருள் நம்மகிட்ட இல்லேன்னா? பெரியவங்க ஒரு தப்பு பண்ணப் போறாங்க, தடுக்கணும், ஆனா தடுக்கற மாதிரியும் இருக்கக் கூடாது, அப்போ? அவள் கரண்டியைக் கிண்டிக்கொண்டே பதில் சொல்வாள். வேலை வெட்டி இல்லாத பிள்ளை, வாய்க்கு வேலை கொடுக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். அத்தனையும் அவள் பேச்சு. சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி பேசுகிறது என்று அவள் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான். தார்னோவைக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் துடைத்துப் போட்டதும் அதைத்தான்.

"நிறுத்தட்டுமா இபு?" என்றாள் கினாசி.

"படிம்மா. எல்லாத்தையும் படி."

நினைவகம் நிரம்பிவிட்டது என்ற வரிக்கு மேலே வேறு மாதிரி இருந்தது. 'அப்பாவைக் கேட்டேன். அவர் சொன்னதை எழுத முடியாது.' சுகிமான் நூடுல்ஸை வாயில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க பாக்?" என்று கினாசி அவரை மரியாதையாகவே கேட்டாள்.

"இடம் இல்லேன்னா எப்படிச் சொல்றதுன்னு கேட்டான். 'வண்டி ரொம்பிடுச்சு, கூரையில ஏறுடா'ன்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்!" என்றார். கினாசிக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டே இருந்த சுகிமான், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மழையைப் பார்க்கப் போனார். நடுவழியில் நின்று, "பத்தாம்லேருந்து போன்ல கேட்டான். அம்மாவக் கேளேன்டான்னேன். அம்மாவுக்குக் கோவம் வரும்ப்பான்னான். நான் உன்கிட்ட சொல்லல, செனோ அம்மா" என்றார்.

அவளுக்கு அந்தக் கோபம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. "அம்மா, ஒரு வார்த்தை கேக்கணும்" என்றான். "வார்த்தையா? தேர்வுக்கு விண்ணப்பம் போட்டியா இல்லையா, மொதல்ல அதுக்கு பதில் சொல்லு. காசில்லாம எவனுக்கோ எழுதிக் குடுக்கறியே, அத எந்த மகாராஜா படிக்கப் போறான்?" என்று பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரிம்மா. சாப்டீங்களா?" என்றான். அதற்குப் பிறகு அவளிடம் அவன் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எழுதிய குறிப்புகளில் 'அம்மா சொன்னது' இல்லை. 'அம்மாவைக் கேட்கணும்' என்று இருந்தது. கீழே வரி காலியாக விடப்பட்டிருந்தது. பதினேழு இடங்களில் அப்படி.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். இனி மொழியை எடுக்க மாட்டார்கள் என்று கினாசி குதித்தாள். வுர்யானிக்குக் குதிக்கத் தோன்றவில்லை. "அந்தப் பதினேழையும் நான் எழுதறேன். நீ பக்கத்துல உக்காந்து எந்த விசைன்னு மட்டும் சொல்லு" என்றாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஒற்றை விரலால் தட்டினாள். ஒவ்வொன்றையும் எழுதும் முன் வாய்விட்டுச் சொன்னாள், யாரோ நிலையில் சாய்ந்து நின்று கேட்பதுபோல. "பென்டிரைவக் கழட்டறதுக்கு முன்னாலயா? அதுக்கு அப்படிச் சொல்லக் கூடாதுடா. விருந்தாளி எழுந்துக்கறதுக்கு முன்னால இலைய எடுப்பியா? 'தயவு செய்து நான் ஒதுக்கி வைக்கும் வரை பொறுத்திருங்கள்'னு போடு." எழுதி முடித்ததும் மேலே இருக்கிற குறிப்பை அழித்துவிட வேண்டும், பதில் கிடைத்த கேள்வியை வைத்திருப்பது வழக்கமில்லை என்று கினாசி தயங்கித் தயங்கிச் சொன்னாள். 'அம்மாவைக் கேட்கணும்' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தாள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் ஒன்று குறைந்தது. மத்தியானத்துக்கு மேல் அவள் விரல் மெதுவாகிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை காலை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு முன்னால், கோப்பின் தலைப்பைச் சரிசெய்ய வேண்டும் என்றாள் கினாசி. எழுதியவர்களின் பெயர் மேலே வரிசையாக இருக்கும். ஒரே பெயர்தான் இருந்தது. 'செனோ பிரசோஜோ, 2008–' என்று போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாமல் விட்டிருந்தான்.

"அதுக்குக் கீழ உங்க பேரு வரணும் இபு, இந்த வருஷத்தோட. அப்புறம்..." கினாசி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனோட வருஷத்த முடிக்கணும். அதானே?"

கினாசி தலையை மட்டும் ஆட்டினாள். ஊர் வழக்கப்படி, ஆயிரம் நாள் கழிந்ததும் கல்லறையில் கல் பதிக்க வேண்டும். அந்த நாள் வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கல்லுக்காரன் கேட்கிறான் என்று சுகிமான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் வுர்யானி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது அடுப்படிக்குப் போகவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்தாள். இரண்டு, பூஜ்யம், ஒன்று, ஒன்று. நாலு இலக்கம். நாலையும் தட்டி முடிக்க அவளுக்கு இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது.

"செனோ அப்பா" என்று கூப்பிட்டாள். "கல்லுக்காரன்கிட்ட வருஷத்தச் சொல்லிடுங்க."

அவர் "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அந்தக் குரல் அன்றைக்கு முதல் சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

கடைசிக் கேள்வியைக் கினாசி திறந்தாள். வேலை முடிந்து கணினியைவிட்டுப் போகிறவர் அழுத்துகிற பொத்தான் அது. மற்றதெல்லாம் ஜாவா மொழியில் இருக்க, அது மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. குறிப்பு கொஞ்சம் நீளம். தேதி, அவன் சாவதற்கு மூன்று வாரம் முந்தினது. 'வெளியேறு என்று போட்டால் வீட்டைவிட்டுத் துரத்துவதுபோல இருக்கிறது. போயிட்டு வர்றேன் என்று வைக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், போயிட்டு வா என்று யாராவது பதில் சொல்லணுமே. அம்மாவைக் கேட்கணும்.'

கடைசித் தடவை அவன் கிளம்பியது பெருநாள் முடிந்த நாலாம் நாள். தேர்வு எழுத மாட்டேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேம்மா" என்றான். அவள் அடுப்படியில் இருந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லை. எழுந்து நாலடி வந்தால் வாசல். வரவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான் என்று சுகிமான் அப்புறம் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டான்.

"இது ஒண்ணுதான் இபு" என்றாள் கினாசி. "இதையும் போட்டா நூறு. நம்ம மொழி நூறு தொட்டதே இல்ல."

வுர்யானி விசைப்பலகையில் கை வைத்தாள். சொல் தெரியாமல் இல்லை. ஊரில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த சொல். புறப்படுகிறவன் சொல்ல வேண்டியதும் தெரியும், வழியனுப்புகிறவள் சொல்ல வேண்டியதும் தெரியும். ஆனால் இதை எழுதிவிட்டால் மேலே இருக்கிற குறிப்பை அழிக்க வேண்டும். அதோடு அவன் அவளிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

"இபு..."

"தொண்ணூத்தொம்போது போதும்மா. அனுப்பிடு."

கினாசி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அனுப்பிவிட்டாள்.

மதியம் மழை வருவதற்குள் புறப்பட வேண்டும் என்று அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் குனிந்து வுர்யானியின் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தன்னுடைய கரடுமுரடான புர்வோகெர்த்தோ பேச்சில், "போயிட்டு வர்றேன் இபு" என்றாள். வுர்யானி அவளோடு படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, தெருவரைக்கும் வந்தாள். "போயிட்டு வா. பத்திரமாப் போயிட்டு வா. போய்ச் சேந்ததும் ஒரு வரி போடு" என்றாள். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும், தூறல் ஆரம்பித்த பிறகும், "போயிட்டு வா" என்று அங்கேயே நின்று இன்னொரு தடவை சொன்னாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உள்ளே வந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு அதன் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே, அந்த ஒரு பொத்தான் ஆங்கிலத்தில் இருந்தது. சுகிமான் கல்லுக்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வேலைதான் முடிஞ்சுதே, அணைக்கலையா?" என்று கேட்டார். தொடாமல் விட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரை தானாக மங்கும். மங்க ஆரம்பித்தபோதெல்லாம் அவள் மவுஸை லேசாக அசைத்துக்கொண்டிருந்தாள்.